ஓடுகிற ஒயர்

“மடிக்காதீங்க மேடம். சுருட்டிக்கலாம், மடிக்க மட்டும் கூடாது.”

“மடிச்சா என்ன ஆகும்?”

“உடனே ஒண்ணும் ஆகாது. அதான் பிரச்சினையே.”

நீங்கள் கையிலிருந்த பட்டை ஒயரை மெல்ல மேசைமேல் வைத்தீர்கள். பிறகு நாலு வெள்ளைத் தாளையும் ஒரு பேனாவையும் என் பக்கம் தள்ளினீர்கள். “இது உங்க லாக்கருக்கு எப்படி வந்துச்சு, எதுக்கு இருந்துச்சு, உங்க வார்த்தையிலேயே எழுதிடுங்க” என்றீர்கள். எழுதுகிறேன். வாயால் சொன்னால் எனக்குக் கோர்வையாக வராது. என் அண்ணனுக்கு என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். விபத்துகளை விசாரிக்கிற அதிகாரி நீங்கள், இதைவிட மோசமானதையும் பார்த்திருப்பீர்கள். உங்களுக்குத் தெரிய வேண்டியது, எப்படி நடந்தது என்பதுதான். அது சின்ன விஷயம். ஆனால் ஒயரைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் புரியும்.

நான் இந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியன். பெயருக்குத்தான் எலெக்ட்ரீஷியன், உண்மையில் தேடுகிறவன். எங்கள் இயந்திரங்களுக்கு வயதாகிவிட்டது. அவற்றைச் செய்த கம்பெனிகளில் பாதியை இழுத்து மூடிவிட்டார்கள். ஒரு திருகோ பல்சக்கரமோ உடைந்தால், அதே மாதிரி இன்னொன்று உலகத்தின் எந்த மூலையில் கிடக்கிறது என்று கண்டுபிடிப்பது என் வேலை. எனக்கு அது பிடிக்கும். எங்கோ ஒரு கடையின் கீழ்த்தட்டில், தூசிக்கு அடியில், ஒரு பொருள் நமக்காகவே காத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தால் மனதுக்கு இதமாக இருக்கும்.

அண்ணன் வெட்டு இயந்திரத்தை ஓட்டுகிறவர். எல்லோரும் அவரை மாஸ்டர் என்பார்கள். அந்த இயந்திரத்தில் கத்திகள் பதித்த தட்டைச் சுமந்துகொண்டு ஒரு வண்டி மேசைக்கு மேலே போய்ப்போய் வரும். அடியில் அட்டை வரும், வண்டி வந்து அழுத்தும், பெட்டியின் வடிவம் வெட்டுப்பட்டு விழும். வண்டியின் நெற்றியில் ஒரு மின்சாரக் கண் உண்டு. கத்திக்கு அடியில் ஒரு கை தெரிந்தால் போதும், அந்தக் கண் வண்டியை நின்ற இடத்திலேயே நிறுத்திவிடும்.

வண்டி ஓடிக்கொண்டே இருப்பதால் அதற்கு மின்சாரம் கொண்டுபோகிற ஒயரும் கூடவே ஓட வேண்டும். அதுதான் பட்டை ஒயர். ஏழு கம்பிகள் பக்கம் பக்கமாக ஒட்டி, ரிப்பன் மாதிரி தட்டையாக இருக்கும். வண்டி போகும்போது நீளும், வரும்போது வளைந்து திரும்பும். ஒரு நாளைக்கு நாலாயிரத்து எண்ணூறு முறை. நான் எண்ணியிருக்கிறேன். ஓரத்தில் இருக்கும் இரண்டு கம்பிகளுக்குத்தான் அதிக வதை. அந்த இரண்டும் கண்ணுக்கு உரியவை.

மூன்று மாதம் முன்பு அந்த ஒயர் உயிரை விட்டது. இயந்திரத்தோடு வந்த பழைய ஒயர், பதினான்கு வருடம் உழைத்தது. அண்ணனும் அந்த இயந்திரத்தில் அதே பதினான்கு வருடம்தான்.

நான் கடை கடையாக ஏறி இறங்கினேன். காதில் பென்சில் செருகிய ஒரு கடைக்காரர்தான் எனக்கு அந்த வித்தியாசத்தைச் சொன்னார்.

“தம்பி, இதுல ரெண்டு வகை. படுத்திருக்கிற ஒயர், ஓடுற ஒயர். படுத்திருக்கிறதை ஒரு தடவை வளைச்சு மாட்டிட்டா அப்புறம் அசையவே அசையாது. பிரிண்டர் பெட்டிக்குள்ள, டிவிக்குள்ள இருக்கிறதெல்லாம் அதுதான். சோம்பேறிப் பய. ஓடுறது வேற. உள்ள கம்பி தலைமுடி மாதிரி நூல் நூலா இருக்கும். லட்சம் தடவை வளைச்சாலும் அலுத்துக்காது.”

“பார்த்தா எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

“பார்த்தா தெரியாதுப்பா. ரெண்டும் கூடப் பொறந்த அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். அறுந்தாத்தான் தெரியும்.”

அவரிடம் படுத்திருக்கிற ஒயர்தான் இருந்தது. இயந்திரம் நிற்கக் கூடாது என்பதால் அதிலேயே ஒரு கட்டு வாங்கி வந்தேன். ‘இது தற்காலிகம்’ என்று மேனேஜரிடமும் அண்ணனிடமும் சொன்னேன். மாட்டிய பதினோராவது நாள் வெட்டு இயந்திரம் காரணமில்லாமல் நின்றது. ஒயரின் மேல்தோலில் ஒரு கீறல்கூட இல்லை, உள்ளே ஓரக் கம்பி அறுந்திருந்தது. வண்டி ஒரு பக்கம் போகும்போது கம்பி ஒட்டிக்கொள்ளும், திரும்பும்போது விட்டுவிடும். கண்ணிலிருந்து சேதி வராவிட்டால் இயந்திரம் நின்றுவிட வேண்டும் என்று அதைச் செய்தவர்கள் அமைத்திருந்தார்கள். புத்திசாலிகள்.

அதற்குப் பிறகு அறும்வரை நான் காத்திருக்கவில்லை. பத்து நாளுக்குள் வருகிற விடுமுறை நாளில் போய்ப் புது ஒயர் மாட்டிவிடுவேன். வேலை நாட்களில் ஓடுகிற ஒயரைத் தேடினேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் அக்கா கேலி செய்வார், “உனக்குப் பொண்ணு தேடியிருந்தாக்கூட இந்நேரம் கிடைச்சிருக்கும்டா.” அண்ணன் உடனே, “அவன் ரிப்பனையே கட்டிக்கட்டும் அக்கா. வளைச்சா வளையும், எதிர்த்துப் பேசாது” என்பார். அன்றிலிருந்து தொழிற்சாலையில் எனக்குப் பெயர் ரிப்பன். எனக்குக் கோபம் இல்லை. அண்ணன் வைத்த பெயர்.

நாங்கள் ஒரே வீட்டில் இருக்கிறோம். கீழே அண்ணனும் அண்ணியும், மாடியில் ஓர் அறையில் நான். காலையில் இரண்டு பேரும் சேர்ந்து நடந்து வேலைக்குப் போவோம், இருபது நிமிடம். வழியில் பாலத்துப் படிகள் அறுபத்திரண்டு. அண்ணன் பேசிக்கொண்டே வருவார், நான் கேட்டுக்கொண்டே வருவேன். சாயங்காலம் அதே படிகளில் இறங்குவோம். எனக்கு முப்பத்தொரு வயது. என் வாழ்க்கையில் என்ன இருந்தது என்று யாராவது கேட்டால் அந்த இருபது நிமிடங்களைத்தான் சொல்வேன். இதைப் பரிதாபமாக எழுதவில்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

தேடத் தொடங்கிய நாலாவது வாரம், சாப்பிடும்போது அண்ணன் சொன்னார். வேறொரு ஊரில், ரயிலில் ஒரு நாள் பயணத் தூரத்தில், புதிதாக ஒரு தொழிற்சாலை திறக்கிறார்கள். அவரைத் தலைமை மாஸ்டராகக் கேட்டிருக்கிறார்கள். வீடும் கொடுக்கிறார்கள். அடுத்த மாதக் கடைசியில் போக வேண்டும்.

“நேத்து டாக்டர் பரிசோதனை. பத்து விரலையும் நீட்டு, மடக்கு, ஊசியில நூல் கோருன்னு ஒரே அமர்க்களம்” என்று சிரித்தார். “இந்தத் தொழில்ல பத்தும் முழுசா வச்சிருக்கிறவனைப் பார்க்கிறதே அபூர்வமாம். ஒரு கணு குறைஞ்சாலும் எடுக்க மாட்டாங்களாம். சேர்ற அன்னிக்கு இன்னொரு தடவை பார்ப்பாங்களாம். விரலைப் பூட்டி வச்சிக்கோங்கன்னு டாக்டர் சொல்றார்!”

“நான்?” என்று கேட்டேன்.

“நீ என்ன?”

“நான் என்ன பண்றது அண்ணே?”

அண்ணி என் தட்டில் பரிமாறிக்கொண்டே சொன்னார், “ஏன் தம்பி, உனக்கென்ன சின்ன வயசா? நாங்க இருக்கிற வரைக்கும் நீ ஒரு முட்டைகூட வேக வைக்கப் போறதில்ல. போனாத்தான் பழகுவ.”

“மாடியை வாடகைக்கு விட்டுட்டுக் கீழ வந்து ராஜா மாதிரி இருடா” என்றார் அண்ணன். “நாங்கதான் லீவுக்கு லீவு வருவோம்ல.”

அவர்கள் என்னிடம் அன்பாகத்தான் பேசினார்கள். அதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். எங்கள் வீட்டில் சண்டை எதுவும் இல்லை.

அடுத்த நாளிலிருந்து அண்ணி சாமான்களைக் கட்டத் தொடங்கினார். பெட்டிகள் எங்கள் தொழிற்சாலைப் பெட்டிகள், அண்ணன் வெட்டியவை.

அதற்கு அடுத்த வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, ஒயர் வந்தது. நெசவு இயந்திரங்களைப் பழுது பார்க்கும் ஒருவர் அனுப்பியிருந்தார். ஐந்து வாரத் தேடல். ஸ்டோர் அக்காவிடம் கையெழுத்துப் போட்டு வாங்கி, என் மேசையில் பிரித்தேன். விரலில் சுற்றிப் பார்த்தேன். பட்டுத் துணி மாதிரி சுற்றிக்கொண்டது. எவ்வளவு நல்ல ஒயர் என்று தொட்டதுமே தெரிந்தது. என் வேலையில் இப்படி ஒரு நிமிடம் எப்போதாவதுதான் வரும்.

அதை லாக்கரில் வைத்தேன். வைக்கும்போது எனக்குள் எந்த எண்ணமும் இல்லை. அன்றைக்கு வேலை அதிகம், ஞாயிற்றுக்கிழமை மாட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆனால் சாயங்காலம் அக்கா, “என்ன ரிப்பன், பொண்ணு பிடிச்சிருக்கா?” என்று கேட்டபோது, “அகலம் தப்பா வந்திருக்குக்கா, திருப்பி அனுப்பணும்” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று வீடு போகும் வழியில் யோசித்துப் பார்த்தேன். பாலத்துப் படிகளில் அண்ணன் புது ஊர் வீட்டின் ஜன்னல்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். கடைசிப் படி வருவதற்குள் எனக்கு விளங்கிவிட்டது.

அப்போது வண்டியில் இருந்த ஒயர் மாட்டி இரண்டு நாள் ஆகியிருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதை மாற்றியிருக்க வேண்டும். நான் மாற்றவில்லை. ஒரு வேலையைச் செய்யாமல் விடுவது குற்றத்தில் சேருமா என்று எனக்குத் தெரியவில்லை, உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதற்கு அடுத்த வியாழக்கிழமை இயந்திரம் நின்று நின்று ஓடத் தொடங்கியது. அன்று பதினேழு முறை. வெள்ளிக்கிழமை நாற்பது முறைக்கு மேல். பெரிய ஆர்டர் ஒன்று முடிய வேண்டியிருந்தது. மேனேஜர் என் மேசைக்கும் இயந்திரத்துக்கும் குட்டி போட்ட பூனை மாதிரி நடந்தார்.

“புது ஒயர் போடேன்யா.”

“ஸ்டாக் தீர்ந்துடுச்சு சார். திங்கட்கிழமைதான் வரும்.”

அது பொய். ஸ்டோரில் இரண்டு மீட்டர் இருந்தது.

சனிக்கிழமை காலை அண்ணனே வந்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டே, “டேய், இதுக்கு நான் கையாலேயே வெட்டிடுவேன். ரெண்டு நாளைக்குக் கண்ணைக் கட்டிவிடுடா” என்றார்.

கண்ணைக் கட்டுவது என்றால், இயந்திரத்தின் மின்சாரப் பெட்டிக்குள்ளே கண்ணுக்கான இரண்டு முனைகளையும் ஒரு விரல் நீளக் கம்பியால் இணைத்துவிடுவது. அப்புறம் கண் எப்போதும் ‘கை இல்லை, கை இல்லை’ என்று சொல்வதாகவே இயந்திரம் நினைத்துக்கொள்ளும். விளக்குகூடப் பச்சையாகத்தான் எரியும். எல்லாத் தொழிற்சாலைகளிலும் எப்போதாவது இப்படிச் செய்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியாதது அல்ல.

“மேனேஜர் எழுதிக் கொடுத்தா செய்றேன்” என்றேன்.

மேனேஜர் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை வைத்துத்தான் நீங்கள் மூன்று வாரமாக அவரைப் படுத்துகிறீர்கள். அவரை விட்டுவிடலாம். இயந்திரம் நின்று நின்று ஓடினால் மனிதர்கள் என்ன கேட்பார்கள் என்பது எனக்கு முன்பே தெரியும். அவர்கள் கேட்பதற்காக நான் காத்திருந்தேன். கேட்டதைத்தான் செய்தேன்.

அன்று அண்ணன் வெகு ஜாக்கிரதையாக இருந்தார். அட்டை சிக்கினால் வண்டியை நிறுத்தி, நின்றுவிட்டதா என்று இரண்டு முறை பார்த்து, பிறகுதான் எடுத்தார். அவருக்குக் கண் கட்டியிருப்பது தெரியும் அல்லவா. சாதாரண நாட்களில் அவர் அப்படிச் செய்ய மாட்டார். சிக்கிய அட்டையின் முனையை, வண்டி திரும்பி வருவதற்குள், வலது ஆள்காட்டி விரலால் சுண்டி இழுத்துவிடுவார். சற்றுத் தாமதமானாலும் கண் வண்டியை நிறுத்திவிடும் என்ற தைரியம். ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை நடக்கும். அதில் ஒரு முறையாவது கண்தான் அவரைக் காப்பாற்றும். அவர் அதைக் கவனிப்பதுகூட இல்லை. பதினான்கு வருடப் பழக்கம். கைக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பழகியதுதான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. திங்கட்கிழமை காலை, எல்லோரும் பார்க்க, ஸ்டோரிலிருந்த படுத்திருக்கிற ஒயரில் ஒரு மீட்டர் வெட்டி வண்டியில் மாட்டினேன். இயந்திரம் நிற்காமல் ஓடியது. மேனேஜர் இரண்டு கையையும் மேலே தூக்கிக் கும்பிட்டார். அண்ணன் கையுறையைப் போட்டுக்கொண்டே, இயந்திரச் சத்தத்துக்கு மேலாகக் கேட்டார்.

“கண்ணைத் திறந்துட்டியாடா?”

“ம்” என்றேன்.

மேடம், நான் செய்தது என்று நீங்கள் கேட்டால் அவ்வளவுதான். கண்ணை அவிழ்த்துவிட்டேனா என்று அண்ணன் கேட்டார். நான் அவிழ்க்கவில்லை. ‘ம்’ என்றேன். வேறு எதையும் நான் தொடவில்லை.

பிறகு ஐந்து நாள் காத்திருந்தேன். அந்த ஐந்து நாளும் நாங்கள் சேர்ந்துதான் வேலைக்குப் போனோம். புதன்கிழமை மழை, ஒரே குடையில் போனோம். வியாழக்கிழமை அண்ணன் எனக்கு ஒரு சட்டை வாங்கிக் கொடுத்தார். “நான் போனப்புறம் அழுக்குச் சட்டையோட திரியாதே” என்றார். அன்று மதியம் மின்சாரப் பெட்டியைத் திறந்து அந்தக் கம்பித் துண்டை எடுத்துவிடலாமா என்று நினைத்தேன். பெட்டிக்கு முன்னால் ஸ்க்ரூடிரைவரோடு கொஞ்ச நேரம் நின்றேன். எடுத்திருந்தால் அண்ணன் ஊரை விட்டுப் போயிருப்பார். எடுக்காவிட்டால் ஒரு விரல், அதுவும் முழு விரல் இல்லை. என் கணக்கு வலது ஆள்காட்டி விரலின் முதல் இரண்டு கணு. அந்த விரல் இல்லாமல் எவ்வளவோ பேர் வேலை செய்கிறார்கள், எங்கள் தொழிற்சாலையிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள். வெட்டு இயந்திரத்தையும் ஓட்டலாம். புது ஊர்க்காரர்கள் எடுக்க மாட்டார்கள், எங்கள் மேனேஜர் விட மாட்டார். எல்லோரும் அவரவர் இடத்தில் இருப்பார்கள். நிதானமாக யோசித்துப் பார்த்தால் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை.

ஸ்க்ரூடிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை பத்தரை மணி. ஒயர் லாக்கருக்கு வந்து பத்தொன்பதாவது நாள். அன்று இரட்டைத் தடிமன் அட்டை போட்டிருந்தார்கள். எனக்கு அது தெரியாது. யாரும் என்னிடம் சொல்லவில்லை. அந்த அட்டை சிக்கினால் ஒரு விரலால் சுண்ட முடியாது, இரண்டு கையாலும் பிடித்து இழுக்க வேண்டும். ஆகவே என் கணக்கில் பிழை இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பிழைக்கு நான் மட்டும் பொறுப்பு என்று சொல்ல முடியாது.

சத்தம் எதுவும் பெரிதாக இல்லை. வண்டி வழக்கம்போல் வந்து அழுத்திவிட்டுப் போனது. மின்சாரத்தை நிறுத்தியவன் நான். இரண்டு இடுப்பு பெல்ட்டுகளைக் கழற்றி முழங்கைக்கு மேலே இறுக்கிக் கட்டியவனும் நான். டாக்டர் பிறகு சொன்னார், அப்படிக் கட்டியிருக்காவிட்டால் ஆம்புலன்ஸ் வருவதற்குள் ரத்தம் போயிருக்கும் என்று. வலது கை மணிக்கட்டோடு. இடது கையில் கட்டைவிரல் மிச்சம் இருக்கிறது.

அந்தக் குழப்பத்தில் பெட்டிக்குள் இருந்த கம்பித் துண்டை நான் எடுக்கவில்லை. எடுக்க நேரம் இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை. லாக்கரையும் காலி செய்யவில்லை. மறைக்கிறவன் அப்படியா விட்டுவைப்பான்?

அண்ணனுக்கு நினைவு திரும்பியதும் முதலில் என்னைத்தான் கேட்டார். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், “என் தம்பி இல்லன்னா நான் போய்ச் சேர்ந்திருப்பேன்” என்கிறார். திங்கட்கிழமை சொன்ன ‘ம்’மை அவர் மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால், ஒயர் மறுபடி அறுந்திருக்கும், கண் பழுதாகியிருக்கும் என்று அவராகவே ஒரு காரணம் வைத்திருப்பார். ஒரு நாள் கூரையைப் பார்த்துக்கொண்டே, “நம்ம ரெண்டு பேருக்கும் அந்த ஒயர் கடைசிவரைக்கும் கிடைக்கலையேடா” என்றார். நான் போர்வையைச் சரி செய்துவிட்டேன்.

அண்ணிதான் போன வாரம் மருத்துவமனை வராந்தாவில் என்னை நிறுத்தினார். ஸ்டோர் அக்கா பார்க்க வந்துவிட்டுப் போன மறுநாள்.

“உனக்கு ஒயர் கிடைச்சிருச்சாமே தம்பி?”

“ஆமா அண்ணி. அகலம் தப்பா வந்துடுச்சு.”

“எவ்வளவு தப்பு?”

நான் அண்ணனின் அறைக்குள் போய்விட்டேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசுவதில்லை. நான் வந்தால் எழுந்து வெளியே போய்விடுகிறார். பாவம், அவருக்கும் களைப்பு. மூன்று வாரமாக ஒரே பெஞ்சில் தூங்குகிறார். அவர்தான் உங்களை லாக்கரைப் பார்க்கச் சொன்னார் என்றால் நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

நீங்கள் இந்த ஒயரை ஒரு ஸ்கேல் வைத்து அளந்து பார்க்கலாம். அகலம் மிகச் சரியாக இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அண்ணன் அண்ணியின் கையால் சாப்பிடுவதில்லை. அவர் ஸ்பூனை நீட்டினால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார். அவமானமாக இருக்கிறதாம், பெண்டாட்டி முன்னால். நர்ஸ்களிடமும் அப்படியே. நான் நீட்டினால் மட்டும் வாயைத் திறக்கிறார். முகம் கழுவி விடுவதும் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவதும் நான்தான். சாப்பிடும்போது முன்பு மாதிரியே ஏதாவது பேசிக்கொண்டே இருப்பார், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். ஊரை விட்டுப் போகும் பேச்சே இப்போது இல்லை. உண்மையைச் சொன்னால், இந்த மூன்று வாரத்தில் எங்களுக்குள் இருக்கிற நெருக்கம் இதற்கு முன்னால் எப்போதும் இருந்ததில்லை.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு அவரை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அதற்கு முன் எட்டு மணிக்குக் காலைச் சாப்பாடு வந்துவிடும். நான் போகாவிட்டால் அது அப்படியே ஆறிக் கிடக்கும், வேறு யார் கொடுத்தாலும் அவர் தொட மாட்டார். நீங்கள் கேட்டதை எல்லாம் எழுதிவிட்டேன், ஒன்றையும் மறைக்கவில்லை. வாசலில் நிற்கிற காவலரிடம் ஒரு வார்த்தை சொல்லி, ஏழரை மணிக்காவது என்னை அனுப்பிவைப்பீர்களா மேடம்?